ஏ9இல் குழை முறித்துப் போட்டவர்

அம்புலன்ஸ் வேலைக்கு வந்த புதிதில் விபத்து இடத்தில் இறங்கியதும் காயப்பட்டவரை நோக்கித்தான் ஓடுவேன். இப்போது முதலில் திரும்பி, பின்னால் என்ன வாகனம் வருகிறது என்று பார்க்கிறேன். அதைப் பழக்கியது, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் ஓர் இரவு.

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் எங்கள் அம்புலன்ஸ் சேவை இலங்கையின் வடக்குக்கு வந்தது 2018இல். அதற்கு முன்பெல்லாம் அடிபட்டவரை ஓட்டோவுக்குள் மடித்துத் திணித்துக்கொண்டு போவதுதான். இன்றைக்கும் சில இடங்களில் நாங்கள் போய்ச் சேருவதற்குள் அது நடந்துவிடும், முதுகெலும்பு என்ன ஆனதோ யாருக்குத் தெரியும்.

அன்று கனகராயன்குளம் தாண்டி மாங்குளம் பக்கம். அந்தத் துண்டு நூல் பிடித்தது போல நேராக ஓடும், இரவானால் கொழும்பு பஸ்கள் பறக்கும். பகல் வெயில் குடித்த தார் இரவிலும் சூடாக இருப்பதால் மாடுகளும் நடு வீதியில்தான் படுக்கை. ஒரு கறுத்த மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதி, பொடியன் வெள்ளைக் கோட்டின் மேல் கிடந்தான். சுற்றிப் பத்துப் பேர், பாதிப்பேர் கையில் போன், வீடியோ. உதவப் போவதாக நினைத்து எதிரே ஒரு வான்காரர் பெரிய லைட்டைப் போட்டபடி நிற்கிறார், அந்த வெளிச்சத்தில் அந்தப் பக்கம் வருகிறவனுக்கு நாங்கள் யாருமே தெரிய மாட்டோம்.

எங்கள் சாரதி அண்ணை அம்புலன்ஸைப் பொடியனுக்குப் பின்னால் குறுக்கே சரித்து, முன் சில்லை எங்களுக்கு எதிர்ப்புறம் திருப்பி நிறுத்தினார், பின்னால் எவனாவது இடித்தாலும் வண்டி எங்கள் மேல் ஏறாது. ஹெல்மெட்டை யாரோ ஏற்கெனவே கழற்றிவிட்டார்கள். நான் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டிருக்க, சாரம் கட்டிய ஒரு ஐயா கையில் கத்தியோடு இருட்டுக்குள் போனார். பற்றையில் வெட்டும் சத்தம். இந்த நேரத்தில் விறகா என்று எரிச்சல்தான் வந்தது.

"தம்பி, நீங்கள் அவனைப் பாருங்கோ, றோட்டை நான் பாக்கிறன்."

நூறு அடி தள்ளி வீதி நடுவே குழை, அதுதான் வெட்டிய இலைக் கொப்பு, போட்டார், அப்புறம் இன்னும் தள்ளி இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் பிரேக் கதறக் கதற வந்து முதல் குழைக்கு முன்னால் நின்றது. எங்கள் பக்கத்துச் சாரதிகளுக்குத் தாரில் பச்சைக் குழையைக் கண்டால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். எந்தப் போர்டும் அவ்வளவு வேலை செய்யாது, 70க்கு மேல் போகாதே என்ற போர்டு உட்பட.

பிறகு ஒருமுறை தெற்கு அதிவேகப் பாதையில் விபத்து ஒன்றைத் தாண்டிப் போனேன். வரிசையாகக் கூம்பு, மின்னும் விளக்கு, இரு பக்கமும் வேலி. அங்கே 100இல் போகலாம், குறுக்கே மாடு வராது. எங்களுக்கு வீட்டுப் படலை திறந்தால் ஏ9.

பொடியனுக்குக் கழுத்துப்பட்டி போட்டு, பலகையில் வைத்து ஏற்றினோம். பஸ் போன பிறகு ஐயா குழையெல்லாம் பொறுக்கி ஓரத்தில் எறிந்துவிட்டு டோர்ச்சோடு காட்டுப்பக்கம் இறங்கினார். நொண்டிக்கொண்டு ஓடின அந்த மாடு அவருடையதாம்.