மோடம் ஓகே சொல்லாட்டி

திருகோணமலையில வள்ளத்து ஜிபிஎஸ்ஸையோ பழைய மோடத்தையோ லினக்ஸில பூட்டுற ஆக்களுக்கு.

யூஎஸ்பி சீரியல் வயரைச் செருகிப்போட்டு டேர்மினலில டிமெசேஜ் கட்டளையை (sudo dmesg) அடிச்சுப் பாருங்கோ, டிடிஒய்யூஎஸ்பி0 (ttyUSB0) எண்டு அந்த வயரின்ர பெயர் வரும். "பெர்மிஷன் டினைட்" எண்டா உங்கட பயனர் பெயரை டயல்அவுட் (dialout) குழுவில சேருங்கோ. டெபியன், உபுண்டுவில குழுவின்ர பெயர் அதுதான். லாக்அவுட் பண்ணித் திரும்ப உள்ள வந்தால்தான் அது பிடிக்கும். கனபேர் மினக்கெடுறது இதிலதான்.

என்எம்இஏ 0183 (வள்ளத்துக் கருவியள் பேசுற சீரியல் முறை) ஜிபிஎஸ்ஸுக்கு வழக்கமான வேகம் செக்கனுக்கு 4800 பிட், பக்கத்து வள்ளங்களைக் காட்டுற ஏஐஎஸ்ஸுக்கு 38400. ரெண்டுக்கும் 8 டேட்டா பிட், பரிட்டி (பிழை பார்க்கிற பிட்) இல்லை, 1 ஸ்டொப் பிட். வேகம் பிழைச்சா குப்பை எழுத்துத்தான் வரும்.

மோடத்துக்கு ஏடி (AT) எண்ட கட்டளையை அடிச்சு ஓகே வராட்டி, மினிகொம் (சீரியல் போர்ட்டோட பேசுற புரோகிராம்) செட்டிங்கில ஹார்ட்வெயார் ஃப்ளோ கொண்ட்ரோலைப் பாருங்கோ. அது முதலே ஓனில இருக்கும். 2, 3, 5 பின் மட்டும் இணைச்ச வயரில, "அனுப்பு" எண்டு மோடம் சொல்ல சிடிஎஸ் கம்பியே இல்லை. நீங்கள் அடிச்சது போகாமல் உள்ளயே நிக்கும். அந்த ஃப்ளோ கொண்ட்ரோலை நிப்பாட்டுங்கோ.

"டிவைஸ் பிஸி" எண்டா என்ர முதல் சந்தேகம் மோடம்மேனேஜரில; அது மோடம் எண்டு நினைச்சுப் போர்ட்டைத் தானாப் பிடிக்கிற பின்னணிப் புரோகிராம்.

எங்கட உப்புக்காத்தில ஒன்பது பின் கனெக்டருக்குள்ள பச்சை பூக்கும். செட்டிங்கை நோண்ட முதல் ஐசோபுரோப்பைல் அல்ககோலால துடையுங்கோ.