நடுவிலும் இருந்த பொடிக் காலனிகள்

"நடுவுலயும் இருக்கே அக்கா."

ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்த பெண் அவள். சொன்னது இவ்வளவுதான். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. அதற்கு முன்பு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

பிஐஜே702 என்ற பிளாஸ்மிட்டில் (ஜீன்களைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் டிஎன்ஏ வளையம், அதாவது வெக்டர்) 9 கிலோபேஸ், அதாவது ஒன்பதாயிரம் எழுத்து நீள டிஎன்ஏ துண்டு ஒன்றைச் சேர்த்து, ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ் என்ற மண் பாக்டீரியாவின் புரோட்டோபிளாஸ்டுகளுக்குள் (செல்சுவர் நீக்கிய செல்கள்) செலுத்திய ஐந்தாம் நாள். பிளேட்டில் கறுப்புக் காலனிகள் ஏராளம். வெறும் வெக்டரை வாங்கியவை அவை. துண்டு நுழைந்து மெல் ஜீன் உடையாததால் மெலனின் என்ற கறுப்பு நிறமியைச் சுரந்து அகாரையே கறுப்பாக்கியிருந்தன. நடுநடுவே வெள்ளை. அதிலும் இரண்டு வகை: சாம்பல் பொடி பூத்து நன்றாகப் பரந்தவை, குண்டூசித் தலை அளவில் மொட்டையாக, தோல் மாதிரி இறுகிக் கிடந்தவை.

"அக்கா, இந்தப் பொடிசுகளையும் எடுக்கட்டுமா?"

"வேண்டாம்மா. தயோஸ்ட்ரெப்டன் சரியா பரவாத இடத்துல தப்பிச்சதா இருக்கும். நல்லா வளர்ந்ததா பாத்து ஆறு எடு."

அப்போதுதான் அவள் அப்படிச் சொன்னாள். தயோஸ்ட்ரெப்டன் பிளாஸ்மிட் இல்லாத செல்களை வளரவிடாத மருந்து. அது கலந்த மென் அகாரை மேலே ஊற்றும்போது ஓரங்களில் சில சமயம் சரியாகப் படியாது. அங்கே பிளாஸ்மிட் இல்லாதவையும் தலைகாட்டும். ஆனால் நடுவில்? என் விளக்கத்தில் எங்கே ஓட்டை என்று அவள் சரியாகத் தொட்டுக் காட்டினாள். நான் "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிளேட்டை எடுத்தேன்.

அவள் பல்குச்சியால் ஆறு காலனிகளைக் குத்தி எடுத்தாள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் அகாருக்குள் வேர்விட்டு நிற்கும். பெயர்க்கும்போது சின்னதாக ஒரு வெடுக்கென்ற பிடி தெரியும், மழை பெய்த மண் வாசனை எழும். அன்று மாலையே அந்த பிளேட், எல்லாவற்றையும் நீராவியில் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போனது.

ஆறிலும் பிளாஸ்மிட் இருந்தது. அதை வெட்டி, நீளம் பார்க்க ஜெல்லில் ஓட்டினால் ஒன்றிலும் முழுத் துண்டு இல்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் அறுந்து, மூன்று, நான்கு கிலோபேஸாகக் குறுகியிருந்தது. இங்கேதான் வெள்ளை நிறத்தை நம்பி நாம் ஏமாறுகிறோம். மெல் உடைந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். உள்ளே போனது முழுசாக இருக்கிறதா, பாதியைத் தூக்கி எறிந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது.

பிஐஜே101 என்ற பிளாஸ்மிட்டின் வழி வந்த இந்த வெக்டர்கள் ஒரு செல்லில் நாற்பதிலிருந்து முந்நூறு பிரதிகள் வரை இருக்கும். தாங்க முடியாத ஒரு ஜீனை அத்தனை பிரதிகளில் சுமக்கும் செல் மெதுவாகத்தான் வளரும். அதைக் கழற்றிப்போட்டது மளமளவென்று பரவும். அப்படியானால் நன்றாக வளர்ந்ததைப் பார்த்து எடு என்று சொன்ன நான், சுமையை இறக்கி வைத்தவற்றைத்தான் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சுமந்து நின்றவை அந்தப் பொடிசுகளாக இருந்திருக்கலாம்.

இருந்திருக்கலாம் என்றுதான் சொல்ல முடிகிறது. அன்று நான் சொன்னது வழக்கத்துக்கு மாறானதல்ல. பொடிக் காலனிகளையெல்லாம் துரத்தினால் வேலை ஓடாது. அவற்றை வளர்த்திருந்தால் வளர்ப்புத் திரவத்திலேயே துண்டு அறுந்திருக்கவும் கூடும். அந்தப் பெரிய ஆறும்கூட பிளேட்டில் முழுசாக இருந்து, பிறகு குறுகியவையோ என்னவோ. இப்படி எனக்கு நானே வாதாடிக்கொண்டே போவேன். ஆனால் அந்தப் பொடிசுகளைப் புதிய தயோஸ்ட்ரெப்டன் பிளேட்டில் ஒரு ஒத்து ஒத்தியிருந்தால், பிளாஸ்மிட் உள்ளதா இல்லையா என்பதாவது இரண்டு மூன்று நாளில் தெரிந்திருக்கும். அந்த வேலைக்குக்கூட நான் இடம் கொடுக்கவில்லை. இதற்கு மட்டும் என்னிடம் வாதம் இல்லை.

பிறகு அதே துண்டை எஸ்சிபி2* என்ற வேறொரு பிளாஸ்மிட்டின் வழி வந்த வெக்டருக்கு மாற்றினோம். செல்லுக்கு ஒன்றிரண்டு பிரதிதான். துண்டு முழுசாக நின்றது. அப்போது அவள் இங்கே இல்லை. வேறு வேலைக்குப் போய்விட்டாள். பிரதி எண்ணிக்கைதான் பிரச்சினை என்பது ஏறக்குறைய உறுதியானது. எனக்கு நிம்மதி வரவில்லை.

அதற்கப்புறம் நான் பொடிக் காலனிகளை விடுவதே இல்லை. இன்னொரு துண்டை ஏற்றிய பிளேட்டிலிருந்து ஐந்து எடுத்து ஒத்திப் பார்த்தேன். நான்கு தயோஸ்ட்ரெப்டனில் வளரவே இல்லை, அதாவது அன்று நான் சொன்ன மாதிரியே. ஐந்தாவது வளர்ந்தது, அதிலும் துண்டு குறுகியிருந்தது. இதை வைத்துப் பார்த்தால் நான் சொன்னது சரி என்றுகூட ஆகிவிடும். சரி, அப்படியே இருக்கட்டும். அப்போதும் அவள் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. அந்த ஐந்தும் ஓரத்திலிருந்து எடுத்தவை.

போன மாதம் ஒரு பிரைமரின் (சிறு டிஎன்ஏ இழை) வரிசையைத் தேடி அவளுடைய பழைய நோட்டைப் புரட்டினேன். அந்த நாளின் பக்கத்தில் பிளேட்டை வரைந்திருந்தாள். பெரிய வட்டம், உள்ளே கறுப்புப் புள்ளிகள், வெற்று வட்டங்கள், பென்சிலால் மிகச் சிறிய புள்ளிகள். எண்ணினேன், பதினொன்று. ஏழு நடுவில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் போட்டு வைத்திருந்தாள், எடுக்கப்போகிறவள் போல. அதன் கீழே என் கையெழுத்தில்: "ஆறு எடுத்தாச்சு."