நூலகம் இரவல் வாங்கிய கதை

பல்கலைக்கழக நூலகத்தில் இரவல் பகுதிதான் என் இடம். திகதி முத்திரை குத்துவேன், பிந்தி வரும் புத்தகத்துக்குத் தண்டம் வாங்குவேன். நூலக நண்பர்கள் வட்டத்தின் செயலாளர் வேலை, ஒரு கூட்டத்துக்குப் பிந்திப் போனதால் என் தலையில் விழுந்தது.

வட்டத்தில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். யூலை வந்தால் விபுலானந்த அடிகள் நினைவுதினம். படம், மாலை, இரண்டு பேச்சு, வடை, தேநீர். அடிகள் மறைந்த 1947ஆம் ஆண்டிலேயே வெளிவந்த, பழந்தமிழ் இசை பற்றி அவர் எழுதிய யாழ் நூலின் பிரதியொன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்போம். அட்டையைப் பார்த்துவிட்டு எல்லாரும் வடைப் பக்கம் போய்விடுவார்கள். குறையாகச் சொல்லவில்லை, நானும் போகிறவன்தான்.

ஒருமுறை கூத்துக் கண்காட்சி வைப்போம் என்றார்கள். அலுமாரியைத் திறந்தால் கூத்தைப் பற்றிய ஆய்வுகள் இருந்தன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் விடியவிடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி மேடையேற்றிய கதையெல்லாம் இருந்தது. கூத்து மட்டும் இல்லை. அது கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரின் கொப்பிகளில் இருந்தது, மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில்.

சரி, போனோம். வடமோடிக் கூத்தில் அரசனுக்கான கரப்புடுப்பை ஒரு வீட்டில் மனமுவந்து தந்தார்கள். வளையம் வைத்த உடுப்பு ஓட்டோவுக்குள் நுழையவில்லை. கடைசியில் அரசர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் பல்கலைக்கழகம் வந்தார்.

கொப்பி வைத்திருந்த அண்ணாவியார் லேசில் மசியவில்லை. மூலைகள் மடிந்த, பழைய ஏட்டிலிருந்து அவருடைய தகப்பன் பெயர்த்தெழுதிய கொப்பி. அதைச் சீலைத்துண்டில் சுற்றி வைத்திருந்தார். "நீங்க புத்தகம் குடுத்தா திகதி அடிக்கிறீங்கதானே மகன்? எனக்கும் அடிச்சுத் தாங்க." அடுத்த தடவை முத்திரையோடு போனேன். இத்தனை வருடத்தில் நூலகத்தின் பெயரைக் கடன் வாங்குபவர் இடத்தில் எழுதியது அன்றுதான்.

கண்காட்சி நான்கு நாள். நூலகப் படியே ஏறாத சனம் குடும்பமாக வந்து, "இது நம்மட ஊர்க் கொப்பி" என்று பிள்ளைகளுக்குக் காட்டியது. அண்ணாவியார் தினமும் வந்தார். பக்கத்தைப் புரட்டச் சொன்னார். தாள் நொறுங்கிவிடும், வெளிச்சத்தில் மையும் மங்கிவிடும் என்று விளக்கி மறுத்துவிட்டேன். அவர் தலையாட்டினார், ஆனால் திருப்தி இல்லை.

அப்புறம் அடைமழை, பரீட்சை வேலை. கொப்பியைத் திருப்பிக் கொண்டுபோக ஆறு நாள் பிந்திவிட்டேன். அவர் சீட்டை எடுத்து முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. விரலைத் தொட்டுத் தொட்டு எல்லாத் தாளையும் எண்ணினார்.

"கண்ணாடிக்குள்ள நாலு நாளும் ஒரே பக்கம்தானே கிடந்தது. பாட்டு மற்றப் பக்கத்திலதான் முடியிது. இருங்க மகன்."

திண்ணையில் உட்கார்ந்தேன். மத்தளம் இல்லை. முழங்காலில் தட்டிக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார்.