கடல்புல் டிஎன்ஏ: கடிதம் முதல் கிளைப்படம் வரை

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே கடலடியில் வளரும் கடல்புல்லின் ஓர் இலையைக் கிள்ளவும் எழுத்தில் அனுமதி வேண்டும். கடல்புல் பாசி அல்ல, பூக்கும் தாவரம். என் மனுவை வாங்கிய எழுத்தர் "பூக்கும் தாவரம்" என்ற வரியிலேயே நின்றுவிட்டார். "ஏம்மா, கடல்ல எங்கம்மா பூ பூக்குது? பாசின்னு மாத்தி எழுதிட்டு வாங்க." அப்படி எழுதினால் நாளை எடுக்கும் மாதிரிக்கும் கடிதத்துக்கும் பொருந்தாது. கடைசியில் போனில் இருந்த எனாலஸ் என்ற கடல்புல்லின் காய்ப் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தவர், பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம்தான் சீல் விழுந்தது. அதற்குள் கச்சான் காற்று தொடங்கிவிட்டது, படகு போகாது. வளைகுடாப் பக்கம் வேலை என்றால் காற்றுக்கு முன்பே கடிதம் கையில் இருக்கட்டும்.

இலை எடுப்பது எளிது. ஆனால் முதிர்ந்த இலை வேண்டவே வேண்டாம். அதன் மேல் ஒட்டியிருக்கும் பாசியின் டிஎன்ஏவும் சேர்ந்து வந்துவிடும். உறைக்குள் இருக்கும் இளம் இலையைப் பிளேடால் சுரண்டிக் கழுவுங்கள். பிறகு இலையை உலர்த்த சிலிக்கா மணிகளில் போட்டு வைக்க வேண்டும். மண்டபம் ஊரின் ஈரக்காற்றில் அந்த மணிகள் சீக்கிரமே நீலம் போய் இளஞ்சிவப்பாகிவிடும், பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

சிடேப் (CTAB) என்ற வேதிப்பொருளால் இலையிலிருந்து டிஎன்ஏ பிரித்தபோது குழாயில் பழைய கஞ்சி மாதிரி கொழகொழவென்று நின்றது. உப்பின் அளவைக் கூட்டி, குளோரோஃபார்மில் இன்னொரு முறை கழுவியதும் தெளிந்தது. டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்க அனுப்பிய இடத்திலோ, இரு முனையிலிருந்தும் படிக்க இரு திசைக்கும் காசு வாங்கிக்கொண்டு ஒரு திசை மட்டும் படித்துவிட்டு, "மாதிரி சரியில்லை" என்றார்கள். மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்து, சண்டை போட்டு, மறுபடி படிக்க வைத்தேன். மறுதிசை சுத்தமாக வந்தது!

ஆர்பிசிஎல் (rbcL) என்ற தாவர மரபணுவை வைத்து, எது எதற்கு உறவு என்று காட்டும் கிளைப்படம் போட்டதும் எரிச்சலெல்லாம் போயிற்று. எனாலஸ், தலாசியா, ஹாலோஃபிலா என்ற மூன்று கடல்புல் வகைகளும் நம் கண்மாயில் கிடக்கும் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியோடு ஒரே குடும்பக் கிளையில்; சைமோடோசியா, சிரிங்கோடியம் என்ற மற்ற இரு கடல்புல் வகைகளும் வேறு கிளையில். கடல்புற்கள் நிலத்திலிருந்து கடலுக்குப் போனது ஒரே ஒரு தடவை அல்ல என்று படித்ததை நானே போட்ட படத்தில் பார்த்தேன். அறுகம்புல் எங்கோ தள்ளி நின்றது.

ஹாலோஃபிலா இனங்கள் மட்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியவில்லை. ஆர்பிசிஎல் மிக மெதுவாக மாறுவது. அவற்றுக்கு, வேகமாக மாறும் ஐடிஎஸ் (ITS) என்ற டிஎன்ஏ பகுதியையும் சேர்த்தே முதலில் அனுப்பிவிடுங்கள், இரண்டாவது பில் மிச்சமாகும்.