கப்பலில் இனிப்பு: எதைக் கேட்டு வாங்குவது, எதை விட்டுவிடுவது

க்ரூஸ் கப்பலில் ஏறிய முதல் நாளே பலரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. மதியம் பஃபேயில் அடுக்கி வைத்திருக்கும் குட்டிக் கேக்குகளைப் பார்த்ததும் ஆறேழு எடுத்துத் தட்டை நிரப்பிவிடுவார்கள். இரவு டைனிங் ரூமில் உட்காரும்போது இனிப்பு என்ற பேச்சே திகட்டும். ஆனால் கப்பலின் உண்மையான இனிப்புகள் வருவது இரவில், அந்த மேசைக்குத்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: செய்து முடித்தபின் இது எத்தனை நிமிஷம் தாங்கும்? அரை நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வடிவம் குலையாமல் நிற்கிற கேக், அப்படி நிற்பதற்காகவே செய்யப்பட்டது. ஐந்து நிமிஷத்தில் உருக்குலைந்துபோகிற இனிப்பு, வாய்க்காகவே செய்யப்பட்டது. ஆறிய கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, அது இங்கே அப்படியே பொருந்தும்.

முதலிடம் சூஃப்ளேவுக்கு. பால், மாவு, மஞ்சள் கரு மூன்றையும் காய்ச்சிக் கெட்டியாக்கிய கஸ்டர்ட்தான் இதன் அடிப்படை. நுரைக்க அடித்த முட்டை வெள்ளையை அதில் பதமாகக் கலந்து, வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிய கிண்ணத்தில் ஊற்றி, 190 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிஷம் ஓவனில் வைப்பார்கள். நுரைக்குள் சிக்கிய காற்று சூட்டில் விரியும். ஈரம் ஆவியாகி அதையும் சேர்த்துத் தள்ளும். கிண்ணத்து விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை எழும்பி நிற்கும். வெளியே எடுத்த நொடியிலேயே கதை திரும்பிவிடும்: ஆவி நீராகும், காற்று சுருங்கும், சில நிமிஷங்களில் பாதி உயரம் போய்விடும்.

அதனால் சூஃப்ளே வேண்டுமென்றால் சாப்பாடு தொடங்கும்போதே வெயிட்டரிடம் சொல்லிவிடுங்கள். கட்டணம் வாங்கும் தனி உணவகங்களில் பெரும்பாலும் அவர்களே முன்கூட்டிக் கேட்பார்கள். கப்பல்களில் அதிகம் கிடைப்பது க்ராண்ட் மார்னியே என்ற ஆரஞ்சு மதுவின் மணம் சேர்த்த சூஃப்ளே. கூடவே சின்னக் குடுவையில் வெனிலா சாஸ் வரும். மேசைக்கு வந்ததும் பேச்சைச் சற்று நிறுத்துங்கள். கரண்டியால் நடுவில் ஒரு குழி தோண்டி, அதற்குள் சாஸை ஊற்றி, உடனே சாப்பிட வேண்டும். பக்கச் சுவர் நேராக எழும்பி, மேலே பொன்னிறமாக, நடுவில் லேசாகத் தளதளவென்று இருந்தால் நல்ல கைப்பக்குவம். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருந்தால் விளிம்பில் மாவு சிந்தி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ருசிக்கு அதனால் குறையில்லை. உள்ளே திப்பித் திப்பியாக இருந்தால் வெள்ளையை அளவுக்கு மீறி அடித்திருக்கிறார்கள். மேல்தோல் சுருங்கிக் குழிந்து வந்தால் வெகுநேரம் காத்திருந்த கிண்ணம் அது. கூச்சப்படாமல் வேறொன்று கேளுங்கள், கொண்டுவருவார்கள்.

அடுத்தது நடுவில் உருகி நிற்கும் சாக்லேட் கேக். இந்த வகைக்குப் பேர்போனது கார்னிவல் கப்பல் நிறுவனத்தின் வார்ம் சாக்லேட் மெல்ட்டிங் கேக். கிண்ணத்தைக் கவிழ்க்காமல் அப்படியே பரிமாறுவதுதான் இதன் சூட்சுமம். கவிழ்க்கிற வகைக்குச் சுவர் கெட்டியாக வேண்டும், ஆகவே கூடுதலாக வேகவைக்க வேண்டியிருக்கும். கிண்ணத்திலேயே சாப்பிடும்போது பாதிக்கு மேல் குழம்பாகவே விட்டுவைக்கலாம். ஒரு ஸ்கூப் வெனிலா ஐஸ்கிரீம் கேட்டு வாங்குங்கள், ஆனால் பக்கத்தில் தனியாக. மேலேயே வைத்தால் சூடு இறங்கி, உருகிய சாக்லேட் இறுகத் தொடங்கிவிடும்.

இதை வீட்டிலும் செய்யலாம், கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 150 மில்லி கொள்ளும் நான்கு பீங்கான் கிண்ணங்களுக்கு அளவு இது: 60 சதவீத டார்க் சாக்லேட் 120 கிராம், வெண்ணெய் 120 கிராம், முட்டை 3, சர்க்கரை 80 கிராம், மைதா 35 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. சாக்லேட்டையும் வெண்ணெயையும் கொதிநீர் ஆவியின் மேல் வைத்து உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். அவசரப்பட்டுச் சுடச்சுட முட்டையில் ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். முட்டையையும் சர்க்கரையையும் கரைகிற வரை மட்டும் கலக்குங்கள். நுரைக்க அடித்தால் கேக் பொங்கி, உள்ளே குழம்புக்குப் பதிலாகப் பஞ்சுதான் இருக்கும். இரண்டையும் சேர்த்து, மைதாவைச் சலித்துப் போட்டுக் கிளறி, கிண்ணத்தில் முக்கால் அளவு ஊற்றி, நன்கு சூடேறிய ஓவனில் 190 டிகிரியில் 13 முதல் 14 நிமிஷம். ஓரம் கெட்டியாகி, நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவு பளபளப்பாக ஆடும்போது எடுத்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகும் கிண்ணத்தின் சூட்டில் வெந்துகொண்டேதான் இருக்கும், அதனால் சந்தேகம் வந்தால் ஒரு நிமிஷம் முன்னதாகவே எடுப்பது நல்லது.

க்ரெம் ப்ரூலே பல கப்பல்களில் தினமும் கிடைக்கும். கிடைக்கிறது என்பதற்காகத் தினமும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அரை லிட்டர் க்ரீமுக்கு ஐந்து மஞ்சள் கருவும் 75 கிராம் சர்க்கரையும் சேர்த்து, தண்ணீர்த் தட்டில் வைத்து, 150 டிகிரியில் மெதுவாக வேகவைக்கிற கஸ்டர்ட் இது. அதை முதல் நாளே செய்து குளிரவைக்கலாம், தப்பில்லை. மேலே தூவிய சர்க்கரையைத் தீயில் கருக்கிச் செய்யும் தகடுதான் விஷயம். அதைப் பரிமாறுவதற்குச் சற்று முன்னால்தான் கருக்க வேண்டும். சர்க்கரை ஈரத்தை உறிஞ்சும் சாமான்; கருக்கிவிட்டு மறுபடி குளிர்பெட்டியில் வைத்தால் தகடு கசிந்து பாகாகிவிடும். கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டுங்கள். டக்கென்ற சத்தத்தோடு உடைந்தால் இப்போதுதான் கருக்கியது. சொதசொதவென்று அமுங்கினால் பழையது. மேலே வெதுவெதுப்பும் கீழே குளிர்ச்சியும் ஒரே கரண்டியில் வர வேண்டும். அகலமான தட்டைக் கிண்ணத்தில் வந்தால் கூடுதல் சந்தோஷம், ஒவ்வொரு வாய்க்கும் தகடு கிடைக்கும்.

பேக்ட் அலாஸ்காவைக் கப்பல் சடங்கென்றே சொல்லலாம். பயணத்தின் கடைசி இரவுகளில் ஒன்றில் விளக்கைக் குறைத்து, வெயிட்டர்கள் வரிசையாகத் தட்டுகளை ஏந்தி வலம் வரும் வழக்கம் பல கப்பல்களில் இருந்தது, சிலவற்றில் இன்னும் இருக்கிறது. கடலில் திறந்த நெருப்பு ஆபத்து என்பதால் தட்டில் இப்போது பெரும்பாலும் பேட்டரி விளக்குகள்தான். அமெரிக்கா 1867இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியதை வைத்து வந்த பெயர் இது என்பார்கள். நியூயார்க் டெல்மோனிக்கோஸ் உணவகத்தின் சமையல்காரர் சார்ல்ஸ் ரான்ஹோஃபரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஸ்பாஞ்ச் கேக்கின் மேல் ஐஸ்கிரீம், அதை முழுதாக மூடிய மெரிங் நுரை (முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து அடித்தது), அவ்வளவுதான். நுரைக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள் சூட்டைக் கடத்தாது, கீழே கேக்கும் அதே வேலையைச் செய்கிறது. அதனால் 230 டிகிரி ஓவனில் மூன்று நான்கு நிமிஷம் வைத்தாலும் உள்ளே ஐஸ்கிரீம் உருகாது. மெரிங்கில் ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலும் அங்கிருந்து ஒழுகத் தொடங்கும். கத்தியால் வெட்டும்போது சற்று எதிர்ப்பு இருக்க வேண்டும். தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் வெகுநேரத்துக்கு முன்பே தயாரித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

க்ரீம் நிரப்பிய நீள ஓட்டுப் பண்டமான எக்லேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக்கின் முதல் வகுப்பு மெனுவில் இருந்த இனிப்புகள் வால்டார்ஃப் புட்டிங், ஷார்ட்ரூஸ் என்ற மது சேர்த்த ஜெல்லியில் பீச் பழம், சாக்லேட் மற்றும் வெனிலா எக்லேர், ஃப்ரெஞ்ச் ஐஸ்கிரீம். இன்றும் பஃபேயில் எக்லேர் நிற்கிறது. க்ரீம் நிரப்பிய சில மணி நேரத்தில் ஓடு நமத்துவிடும், ஆகவே பஃபே திறந்த வேளையில் எடுத்தால் மட்டுமே சாப்பிடத் தகுந்தது.

பஃபேயை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அங்கே சூடாகக் காத்திருந்தாலும் கெடாத ஒரு பண்டம் உண்டு: பிரெட் அண்ட் பட்டர் புட்டிங். காத்திருக்கக் காத்திருக்க ரொட்டி கஸ்டர்டைக் குடித்து இன்னும் மென்மையாகும். ஹாலண்ட் அமெரிக்கா நிறுவனக் கப்பல்களின் லிடோ பஃபேயில் இதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஓரத்துத் துண்டைக் கேளுங்கள், அங்கேதான் மொறுமொறுப்பு இருக்கும். வெனிலா சாஸைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

பஃபேயின் குட்டிக் கேக்குகள் ஏன் எல்லாம் ஒரே ருசியாக இருக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் முன்னறிவிப்பின்றிச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 86க்குக் குறைந்தால் தேர்ச்சி இல்லை. அந்த விதிப்படி க்ரீம், கஸ்டர்ட் வகைகள் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நேரக் கணக்கில் வெளியே வைத்தால் 4 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் 5 டிகிரியில் வெண்ணெயும் சாக்லேட்டும் இறுகிக் கிடப்பதால் நாக்கில் எதுவும் தெரியாது. தட்டில் எடுத்து மேசையில் பத்து நிமிஷம் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், அதே கேக் வேறு கேக்காக இருக்கும். சாஃப்ட் சர்வ் ஐஸ்கிரீமுக்கு இது நேர்மாறு. அது மைனஸ் 6 டிகிரி அளவில் வெளிவருவது, மேல்தளத்து வெயிலில் இரண்டு நிமிஷத்தில் வடிந்துவிடும். கோனை விட கப்பே வசதி.

பழம் சார்ந்த இனிப்புகளை, குறிப்பாக ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி போட்டவற்றை, பயணத்தின் முதல் இரண்டு மூன்று நாட்களில் முடித்துக்கொள்ளுங்கள். கப்பல் புறப்படும் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு அப்போதுதான் புதிதாக இருக்கும். பிறகு உறைந்த பழமும் டப்பா பழமும் தலைகாட்டும்.

சைவம் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஜெலட்டின்; விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது அது. பன்னா கோட்டா, மூஸ், சுடாத சீஸ்கேக், மார்ஷ்மல்லோ ஆகியவற்றில் பெரும்பாலும் இருக்கும். க்ரெம் ப்ரூலேயில் முட்டை உண்டு, ஜெலட்டின் வழக்கமாக இருக்காது. திராமிசுவில் மது சேர்ப்பது வழக்கம். சூஃப்ளேவிலும் அதன் சாஸிலும் இருக்கலாம். முட்டையோ பாலோ கொட்டையோ ஆகாதவர்கள் முந்தின இரவே தலைமை வெயிட்டரிடம் சொன்னால், மறுநாளைக்கு அவர்களுக்கென்று தனியாகச் செய்து தருவார்கள். சர்க்கரை சேர்க்காதது என்று மெனுவில் போட்டிருக்கும் இனிப்புகளில் மால்டிடால் போன்ற சர்க்கரை மாற்றுகள் இருக்கலாம். இரண்டு மூன்று சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும், ஒன்றோடு நிறுத்துங்கள்.

முதல் இரவே தலைமை வெயிட்டரிடம் ஒரு விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: சூஃப்ளே எந்த இரவு, பேக்ட் அலாஸ்கா எந்த இரவு? மெனு பயணம் முழுவதற்கும் முன்பே முடிவாகிவிடும், அவர்களுக்குத் தெரியும். அந்த இரண்டு இரவுகளில் வேறு உணவகத்தில் மேசை பதிவு செய்யாதீர்கள். டைனிங் ரூமில் இரண்டு இனிப்பு கேட்டாலும் வழக்கமாகத் தனிக் காசு கிடையாது. எது நல்லதென்று தெரியாத இரவில் ஆளுக்கொன்றாக வேறுவேறு வரவழைத்து, நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுங்கள்.