இரண்டு கடிதத்துக்காக அலைந்த கதை

2024 ஜூனில் வந்த மன்னர் பிறந்தநாள் கௌரவப் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவருக்கு பி.இ.எம்., அதாவது பிரிட்டிஷ் எம்பயர் மெடல் கிடைத்தது. பரிந்துரைத்தது நான். படிவம் எங்கே இருக்கிறது, எப்படி அனுப்புவது என்பதையெல்லாம் அரசு இணையதளமே சொல்லிவிடுகிறது. அதில் எனக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. வந்ததெல்லாம் அதோடு இணைக்க வேண்டிய இரண்டு ஆதரவுக் கடிதங்களால்தான். பிரிட்டனில் இருக்கும் நம்மவர்கள் சிலர் தாங்களும் ஒருவரைப் பரிந்துரைக்கப் போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சர்ச் ஹாலில் வாரம் தவறாமல் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிறார். யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, சாயங்காலம் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். திருச்சியிலிருந்து வந்து நாலு சுவருக்குள் அடைந்து கிடந்த என் அம்மாவை அந்த ஹாலுக்குக் கூட்டிப்போய் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார வைத்தவரும் அவர்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. ரெண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் ரகசியம். பரிந்துரைக்கப்படுபவருக்கு விஷயம் தெரியக்கூடாது என்கிறார்கள். கிடைக்காமல் போனால் மனம் கஷ்டப்படுமே, அதற்காக. ஆனால் படிவமோ வயது, முகவரி, எந்தப் பணியை எப்போதிலிருந்து செய்கிறார் என்றெல்லாம் கேட்கும். அவர் மகளைத் தனியாகப் பிடித்துப் பேசினேன். நல்லவேளையாக அந்தப் பெண் வாயைத் திறக்காதவள். ஹாலில் தேநீர் போடும் ஒருவர்தான் கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போது "உங்களுக்கு மெடலாமே" என்று ஆரம்பித்துவிட்டார். பேச்சை மாற்ற நான் ஒரு தட்டைக் கீழே போட வேண்டியதாயிற்று.

அடுத்தது கடிதங்கள். பதவியில் இருப்பவர் எழுதினால் எடை கூடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் வட்டாரக் கவுன்சிலரிடம் போனேன். "தாராளமாக" என்றார். பல நினைவூட்டல்களுக்குப் பிறகு கடிதம் வந்தது. ஒரு பக்கம். ஹாலின் கூரையைப் பழுதுபார்க்கத் தான் எப்படி நிதி வாங்கிக் கொடுத்தார் என்று முக்கால் பக்கம். நம் பெண்மணியைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி, அதில் பெயரிலும் எழுத்துப் பிழை. திருத்தித் தரச் சொல்லிக் கேட்டதற்குப் பதிலே இல்லை.

அப்புறம் எம்.பி. அலுவலகம். மின்னஞ்சல் போட்டால், கிடைத்தது என்று ஒரு தானியங்கிப் பதில். கொஞ்ச நாள் கழித்து மறுபடி போட்டால் அதே பதில். எம்.பி. தொகுதி மக்களைச் சந்திக்கும் ‘சர்ஜரி’ சனிக்கிழமை நடக்கும், அதற்கு நேரில் போய்விடலாம் என்று மழையில் இரண்டு பஸ் மாறிப் போனால், கதவில் ‘இன்று ரத்து’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. கடைசியில் போனில் சிக்கிய உதவியாளர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். எம்.பி. தனிநபர் பரிந்துரைகளுக்குக் கடிதம் தருவதில்லையாம். இதை முதல் மின்னஞ்சலிலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

எம்.பி. கடிதமோ கவுன்சிலர் கடிதமோ கட்டாயமே இல்லை. பரிந்துரைக்கப்படுபவரின் வேலையை நேரில் பார்த்தவர்கள் எழுதினால் போதும். அந்த ஹாலுக்கு வரும் முதியவர்களைக் கவனிக்கும் டிஸ்ட்ரிக்ட் நர்ஸிடம் கேட்டேன். இரவுப் பணி முடிந்து காரில் உட்கார்ந்தபடியே எழுதி அனுப்பினார். பனி கொட்டிய ஒரு வாரத்தில் ஒருவர் போனை எடுக்கவில்லை என்று நம் பெண்மணி போய்ப் பார்த்ததும், அந்த மனிதர் குளியலறையில் விழுந்து கிடந்ததும், ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் அதில் இருந்தன. ‘அன்பானவர்’, ‘தன்னலமற்றவர்’ என்று ஒரு வார்த்தை கிடையாது. இன்னொரு கடிதம், நம் பெண்மணி முன்பு வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியை எழுதியது. நீங்கள் கடிதம் கேட்கும்போது "அவரால் என்ன மாறியது, யாருக்கு, எப்போது" என்று கேட்டு வாங்குங்கள். வெறும் பாராட்டுரை, ஆளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது.

கடிதம் எழுதித் தரவே கம்பெனிகள் இருக்கின்றன என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான், ஆயிரக்கணக்கான பவுண்டு வாங்குகிறார்கள். சட்டப்படி குற்றமில்லை, எழுதுவதற்குத்தான் கூலி, பட்டத்துக்கு இல்லை. பட்டத்துக்கே கூலி வாங்கிய காலமும் உண்டு. லாயிட் ஜார்ஜ் பிரதமராக இருந்தபோது சர் பட்டத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு என்று பேசிக்கொண்டார்கள். அந்த நாற்றம் தாங்காமல் 1925-இல் தனிச் சட்டமே வந்தது. அதன்கீழ் இதுவரை தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர்: தரகர் மாண்டி கிரிகரி, 1933-இல். 2006-இல் கட்சிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு மேலவைப் பதவியா என்று போலீஸ் விசாரித்தது. பிரதமராக இருந்த டோனி பிளேரையே சாட்சியாக விசாரித்தார்கள். முடிவில் யார்மேலும் வழக்கு இல்லை.

விஷயத்தைத் திருச்சியில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னபோது, "ஏம்மா, வெள்ளைக்காரன் பட்டத்துக்கு நீ மனு எழுதுறியா?" என்றார். மதராஸ் ஹைகோர்ட் நீதிபதியாக இருந்த மணி ஐயர் (எஸ். சுப்பிரமணிய ஐயர்) அந்தக் காலத்திலேயே சர் பட்டத்தையும் திவான் பகதூரையும் திருப்பிக் கொடுத்த கதையை ஆரம்பித்தார். இந்தியாவுக்குத் தன்னாட்சி கிடைக்க உதவி கேட்டு அமெரிக்க அதிபர் வில்சனுக்கு 1917-இல் அவர் எழுதிய கடிதத்தில் வந்த வினை அது. அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இவர் வேலைக்கு யாராவது ஒரு நாள் எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தேன். அதற்கு இந்த நாட்டில் இருக்கும் வழி இதுதான்.

படிவத்தை 2023 தொடக்கத்தில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வரும். அதன்பின் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம் ஒன்றும் தெரியாது. போன் செய்து கேட்டுப் பிரயோசனமில்லை. உள்ளே வருமான வரித் துறை வரைக்கும் விசாரிப்பார்கள் என்கிறார்கள். நம்மவருக்கு ஓய்வூதியம் மட்டும்தான், அந்தக் கவலை இல்லை.

கவலை வேறு பக்கத்திலிருந்து வந்தது. பரிந்துரைக்கப்படுபவர் பொதுவாக அந்தப் பணியை இன்னமும் செய்துகொண்டிருக்க வேண்டும். இவரோ முழங்கால் வலிக்கிறது, கோடையோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தார். காரணத்தைச் சொல்லவும் முடியாது. நர்ஸும் மகளும் நானும் ஆளுக்கொரு பக்கம் கெஞ்சி, பாத்திரம் தூக்கும் வேலைக்கு வேறு ஆட்களைப் பிடித்துக் கொடுத்து, நிறுத்தாமல் பார்த்துக்கொண்டோம். எழுபது தாண்டியவர் யாரையாவது பரிந்துரைப்பதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இறந்தவருக்கு இதைக் கொடுப்பதும் இல்லை.

அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. 2023 ஜூனில் போரிஸ் ஜான்சனின் பதவி விலகல் பட்டியல் வந்தது. நாடாளுமன்றத்தில் முடி திருத்தும் பெண்மணிக்கு எம்.பி.இ. நம் பி.இ.எம்.முக்கு ஒரு படி மேல். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆண்டுக்கணக்கில் உழைத்தவராகத்தான் இருப்பார். அவருக்குக் கையெழுத்துப் போட ஒரு முன்னாள் பிரதமர் இருந்தார், அவ்வளவுதான். டிசம்பர் கடைசியில் புத்தாண்டுப் பட்டியலை நள்ளிரவுவரை தேடினேன். நம்மவர் பெயர் இல்லை. அதே இரவில், 49 நாள் பிரதமராக இருந்த லிஸ் டிரஸ்ஸின் பட்டியலும் வந்திருந்தது. அதில் 11 பேர். பதவியை விட்டுப் போகும்போது வேண்டியவர்களுக்குப் பட்டம் கொடுப்பது பழைய வழக்கம். 1976-இல் ஹெரால்ட் வில்சன் கொடுத்த பட்டியலில் மேலவைக்குப் போன ஒருவர் பிற்பாடு திருட்டு வழக்கில் சிறைக்கே போனார்.

2024 ஜூன் பட்டியல் இரவு பத்தரைக்கு வெளியானது. எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினேன். இருந்தார்! அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அதே பட்டியலில் ஆலன் பேட்ஸுக்கு சர் பட்டம். தபால் அலுவலகக் கணினிக் கோளாறால் திருடர்கள் என்று பெயர் வாங்கிய கிளை நடத்துநர்களுக்காக இருபது ஆண்டுக்கும் மேல் போராடியவர். அந்த நிறுவனத்தின் தலைவியாக இருந்தவரிடம் அதைவிட ஒரு படி மேலான சி.பி.இ. பட்டம் இருக்கும்வரை தனக்கு ஓ.பி.இ. வேண்டாம் என்று முன்பு மறுத்தவர். அவரோடு ஒரே பட்டியலில் இருப்பது எனக்கு இன்னும் திருப்தியாக இருந்தது.

இன்னொரு விஷயம். பட்டம் வேண்டுமா என்று நம் பெண்மணிக்குச் சில வாரம் முன்பே கடிதம் வந்திருக்கிறது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அத்தனை நாள் நான் அவரிடம் மறைத்ததற்கு அவர் என்னிடம் பழிவாங்கிவிட்டார்.

பி.இ.எம்.முக்கு அரண்மனைக்குப் போவதில்லை, மன்னரின் பிரதிநிதியான லார்ட் லெஃப்டினன்ட் உள்ளூரிலேயே மெடலைச் சட்டையில் குத்திவிடுவார். விழாவுக்குக் கவுன்சிலர் வந்திருந்தார். உள்ளூர்ப் பத்திரிகைப் படத்தில் அவர் நடுவில் நிற்கிறார், நர்ஸ் பாதி வெட்டுப்பட்டு ஓரத்தில். கவுன்சிலரின் ஆதரவோடு கிடைத்த கௌரவம் என்று படத்துக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். மறுப்பு எழுதலாமா என்று யோசித்தேன். மகள் வேண்டாம் என்றாள்.

அடுத்த வாரமே மெடல் வாங்கிய அந்த அம்மா என்னை ஹாலின் பின்பக்கம் கூப்பிட்டார். நாற்காலிகளை எடுத்துப் போட்டு மடக்கி வைக்கும் ஒரு வயதானவரைக் கண்ணால் காட்டி, "இவருக்கு எப்போது எழுதுகிறாய்? நர்ஸிடம் நான் சொல்லிவிட்டேன்" என்றார். நான் படிவத்தைத் திறந்துவிட்டேன். கவுன்சிலரைக் கேட்கப் போவதில்லை.