எல்லாவனும் கால் பண்ணுற எடத்துல ரெண்டு ஆஸ் வந்தா

போக்கர் ஆடுற நம்ம பயலுவகிட்ட எப்பவும் கேக்குற பொலம்பல் ஒண்ணு உண்டு. "நல்ல சீட்டு வந்து என்ன புண்ணியம், ஒருத்தனும் ஃபோல்ட் பண்ண (சீட்டக் கீழ போட்டு ஒதுங்க) மாட்டேங்கான், எல்லாவனும் உள்ள வாறான், கடைசில ஒரு ஏழும் ரெண்டும் வெச்சிருந்தவன் அடிச்சிட்டுப் போறான்." ரெண்டு ஆஸ் வெச்சு தோத்தவன் மூஞ்சியப் பாத்தா பாவமாத்தான் இருக்கும். ஆனா கணக்குப்படி விஷயம் நேர் எதிராக்கும். ஒருத்தனும் ஃபோல்ட் பண்ணாத எடந்தான் நல்ல சீட்டுக்கு நல்ல எடம். வாயால சொன்னா கேக்க மாட்டேங்கானுவ, அதான் எழுதியே போட்டுருவோம்னு உக்காந்தேன்.

மொதல்ல ஏன் எல்லாவனும் இப்பிடி உள்ள வாறான்னு பாக்கணும். எங்க கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எடவப்பாதி மழை புடிச்சா ரப்பர் வெட்டு நின்னுரும், வைட்டு ஆனா ஏதாவது ஒரு வீட்டு வராந்தால சீட்டுதான். அங்க காலாகாலமா ஆடுறது இருபத்தெட்டு. அதுல ஜாக்கிதான் பெருசு, மூணு புள்ளி, ஒம்பதுக்கு ரெண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒண்ணு ஒண்ணு. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒண்ணுமே கெடையாது. அத விட முக்கியம், இருபத்தெட்டுல கையில வந்த சீட்ட கீழ போட்டுட்டு ஒதுங்கி இருக்க முடியாது, நல்லதோ கெட்டதோ எட்டு சீட்டையும் ஆடித்தான் தீக்கணும். அந்தப் பழக்கத்தோட வந்து போக்கர்ல உக்காருற அண்ணன்மாருக்கு, சீட்டப் போட்டுட்டு சும்மா வேடிக்கை பாக்கதுன்னா அது ஆட்டமாவே தோணாது. "வந்தாச்சுல்லா, ஃபிளாப்ப பாப்போம்"னு சொல்லிட்டு எதுக்கும் கால் பண்ணுவாங்க. (போக்கர்ல ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில, எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு மேசையில. மொதல் மூணு ஃபிளாப், நாலாவது டர்ன், அஞ்சாவது ரிவர். அடுத்தவன் போட்ட அளவுக்கு நாமளும் போட்டு உள்ள நிக்குறது கால்.)

ரெண்டாவது காரணம், நாங்க காசு வெச்சு ஆடுறதில்ல. பிளாஸ்டிக் சிப்ஸ் மட்டுந்தான், ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு ஆயிரம், தீந்துதுன்னா தீந்தது, அப்புறம் அவருதான் சீட்டு போட்டுக் குடுக்கணும், எல்லாருக்கும் கட்டஞ்சாயாவும் போடணும். (ஆன்லைன்ல காசு கட்டி ஆடுறத 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம் மொத்தமா தடை பண்ணியாச்சு, அதுல போய் குடும்பத்த தெருவுல நிறுத்துனவங்கள நானே பாத்திருக்கேன், அந்தப் பக்கம் போவவே வேண்டாம் மக்களே.) காசு இல்லாத ஆட்டத்துல கால் பண்ணுறதுக்கு ஒருத்தருக்கும் பயம் கெடையாது. அதனால நம்ம வராந்தாவுல ஆறு பேரு உக்காந்தா நாலு பேரு லூசாத்தான் (எந்தச் சீட்டுக்கும் உள்ள வந்து) ஆடுவாங்க, அது மாறப் போறதில்ல. நம்ம ஆட்டத்தத்தான் அதுக்கு ஏத்த மாதிரி வெச்சுக்கிடணும்.

இப்ப கணக்குக்கு வாரேன். கையில ரெண்டு ஆஸ் சேந்து வாறது சராசரியா 221 கைக்கு ஒரு தடவ. அப்பிடி வந்தா, எதிர்ல ஒரே ஆளு ஏதோ ஒரு சீட்டோட இருந்தா நாம ஜெயிக்க வாய்ப்பு சுமார் 85 சதவீதம். ரெண்டு ஆளுன்னா 73, மூணுன்னா 64, நாலுன்னா 56, அஞ்சு பேருன்னா 49. இந்த எடத்துலதான் எல்லாரும் தலையில கைய வெச்சுருவாங்க, பாத்தியா பாதிக்கும் கீழ போயிட்டேன்னு. ஆனா பாட்டுல (எல்லாரும் நடுவுல போட்ட மொத்த சிப்ஸ்ல) என்ன கெடக்குன்னு பாக்கணும்லா. ஆளுக்கு 10 சிப்பு போட்டு ஒருத்தன் மட்டும் வந்தா பாட்டு 20, அதுல 85 சதவீதம் 17, நாம போட்ட 10 போவ மிச்சம் 7. அஞ்சு பேரும் வந்தா பாட்டு 60, அதுல 49 சதவீதம் 29 சொச்சம், நம்ம 10 போவ மிச்சம் 19க்கு மேல. அடிக்கடி தோப்போம், ஆனா மொத்தத்துல ரெண்டு மடங்குக்கு மேல வருது. ஆஸ் தோத்த ராத்திரி மட்டுந்தான் மனசுல நிக்குது, அதான் இந்த வெப்ராளம் எல்லாம்.

அப்ப எல்லாரையும் சும்மா 10க்கு உள்ள விட்டுரலாமான்னு கேட்டா, அது அத விட நஷ்டம். 10க்கு கால் பண்ணுற ஆளு 80க்கும் கால் பண்ணுவாரு, அதான் லூஸ் ஆளோட குணமே. 80ன்னு ரெய்ஸ் பண்ணி (பந்தயத்தக் கூட்டி) மூணு பேரு கூட வந்தாங்கன்னா பாட்டு 320, அதுல நம்ம 64 சதவீதம் 205 கிட்ட, போட்ட 80 போவ மிச்சம் 125. 19 எங்க 125 எங்க. புஸ்தகத்துல பிளைண்டுக்கு (டீலருக்கு அடுத்த ரெண்டு பேரு சீட்டப் பாக்குமுன்னயே போடுற கட்டாய சிப்ஸுக்கு) மூணு மடங்கு ரெய்ஸ்னு எழுதியிருக்கும், அது ஒழுங்கா ஃபோல்ட் பண்ணுற ஆளுங்க இருக்குற மேசைக்கு. நம்ம பக்கம் ஏற்கனவே மூணு பேரு 10 போட்டு உள்ள இருந்தா 70, 80ன்னு போடணும், கூச்சமே படக் கூடாது.

ஒரு கைய அப்பிடியே காட்டுகேன். பிளைண்ட் 5, 10. மூணு பேரு பத்து பத்து போட்டாச்சு. நான் டீலருக்க எடத்துல, கையில ஸ்பேடு ஆஸும் டைமன் ஆஸும். 80 போட்டேன். பிளைண்ட் போட்ட ரெண்டு பேரும் ஃபோல்ட் பண்ணியாச்சு, மூணு பேருல ரெண்டு பேரு கால். பாட்டு 265. ஃபிளாப்புல ஆட்டின் ராஜா, ஆட்டின் ஒம்பது, கிளாவர் நாலு. ரெண்டு பேரும் செக் (ஒண்ணும் போடாம விடுறது). இங்க நெறைய பேரு "வலைய விரிச்சு வெப்போம், பதுங்குவோம்"னு தானும் செக் பண்ணுவாங்க. பதுங்குறதுக்கு எதிர்ல அடிக்குற (தானா பந்தயம் போடுற) ஆளு வேணும், இவங்க அடிக்க மாட்டாங்க, கால்தான் பண்ணுவாங்க. அப்ப நாமதான் அடிக்கணும். 200 போட்டேன். ஒருத்தரு போனாரு, எங்க எதுத்த வீட்டு மாமன் மட்டும் முறுக்கான இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னத்துக்கு மாத்திட்டு 200ஐ தள்ளுனாரு. பாட்டு 665. டர்ன்ல ஸ்பேடு ரெண்டு, ஒண்ணுக்கும் ஒதவாத சீட்டு. அவரு செக், நான் 450.

இந்த 450 ஏன்னா, மாமன் கையில ரெண்டு ஆட்டின் இருந்தா, மேசையில உள்ள ரெண்டோட இன்னும் ஒண்ணு வந்தா அஞ்சும் ஆட்டினாயி நம்ம ஜோடிய அடிச்சிரும். அதுக்கு அவருக்கு இன்னும் ஒம்பது ஆட்டின் மிச்சம், பாக்காத சீட்டு 46, ஒத்த சீட்டுல வர வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. 450 போட்டு 1565 பாட்டுக்கு நிக்கணும்னா அவருக்கு 29 சதவீதமாவது வேணும். ஆக அந்தக் கால் அவருக்கு நஷ்டம், நமக்கு லாபம். ராஜாவோட ஒரு ஜோடி வெச்சிருந்தா அத விட மோசம், அஞ்சே சீட்டுதான் அவரக் காப்பாத்தும். மாமன் கால் பண்ணுனாரு. ரிவர்ல டைமன் ஏழு. மிச்சம் இருந்த 270ஐயும் வெச்சேன், அதுக்கும் கால். அவரு திருப்புனது ராஜாவும் ஆறும். ஆரம்பத்துலயே கீழ போட வேண்டிய சீட்டுக்கு ஆயிரம் சிப்ஸயும் குடுத்துட்டு "கிட்டத்தட்ட புடிச்சிருப்பேன் மருமவனே"ன்னு சொல்லுகாரு. அந்த மாமன் இல்லன்னா ஆட்டத்துல ருசி இல்ல, அது வேற.

இதுல பிளஃப் (சீட்டு இல்லாம மெரட்டி அடிக்குறது) எங்கயும் இல்ல பாத்துக்கிடுங்க. கால் பண்ணுறவர்கிட்ட பிளஃப் பண்ணி பிரயோஜனமே கெடையாது. ஆஸும் ராஜாவும் கையில வந்தா ஃபிளாப்புல ஜோடி சேர வாய்ப்பு மூணுல ஒண்ணுதான், சேரலேன்னா மூணு பேருக்கு எதுக்க சும்மா வீம்புக்கு அடிக்காம செக் பண்ணிட்டு நிக்கணும். சேந்துதுன்னா மூணு ரவுண்டும் அடிக்கணும். அஞ்சு அஞ்சு, ஆறு ஆறு மாதிரி சின்ன ஜோடிக்கு மலிவா உள்ள போறது நல்லது, ஃபிளாப்புல மூணாவது வர்றது எட்டு ஒம்பது தடவைக்கு ஒண்ணுதான், ஆனா வந்துட்டா கடைசி வரைக்கும் சிப்ஸ் குடுக்க ஆளு இருக்கு.

ரொம்ப கவனமா இருக்க வேண்டிய எடம் ஒண்ணு உண்டு. ராத்திரி பூரா கால் மட்டுமே பண்ணிட்டிருந்த ஆளு, டர்ன்லயோ ரிவர்லயோ திடீர்னு ரெய்ஸ் பண்ணுனா, நம்பணும். அந்த எடத்துல ரெண்டு ஆஸ்ங்கறது வெறும் ஒரு ஜோடி. அவருகிட்ட ரெண்டு ஜோடியோ, ஒரே சீட்டு மூணோ, ஸ்ட்ரெய்ட்டோ (வரிசையா அஞ்சு சீட்டு) இருக்கும், சும்மா மெரட்டுற பழக்கம் அவருக்கு கெடையாது. 221 கைக்கு ஒருக்கா வாற சீட்டாச்சேன்னு கட்டிப் புடிச்சிட்டு இருந்தா, முன்ன சொன்ன 125 லாபம் எல்லாம் அங்கயே போவும். ஆஸ தூக்கிப் போடுறதுக்கு தைரியம் வேணும், ஆனா இந்த மேசையில லாபம் நிக்குறதே அதுலதான்னு நான் உறுதியா சொல்லுவேன்.

எல்லா லூஸ் ஆளும் ஒண்ணு போல இல்ல. சீட்டப் பாக்காமலே ரெய்ஸ் ரெய்ஸ்னு அடிக்குறவன் ஒருத்தன் இருப்பான், எங்க கூட்டத்துல அது லீவுக்கு வந்த கல்ஃப் தம்பி. அவன்கிட்ட மட்டும் மேல சொன்னது தலைகீழு. நல்ல சீட்டு வந்தா நாம அடிக்கத் தேவையில்ல, அவனையே அடிக்க விட்டுட்டு கால் பண்ணிட்டு வரலாம், அவன் ரெய்ஸுக்கு பயந்து ஒரு ஜோடியக் கீழ போடவும் வேண்டாம். உக்காருற எடமும் முக்கியம். இருபத்தெட்டு நம்ம பக்கம் வலது கைப்பக்கமா சுத்தும், போக்கர் எடது கைப்பக்கமா. அதனால அவனுக்கு எடது பக்கத்துப் பாயப் புடிச்சு உக்காந்துக்கிடணும், அப்பத்தான் அவன் என்ன செய்யான்னு பாத்துட்டு நாம முடிவெடுக்கலாம். அடுத்த மழைக்கு வராந்தாவுல பாய் விரிக்கும்போ அந்த எடம் எனக்கு, இப்பவே சொல்லி வெச்சாச்சு.